புது ரவுட்டரில் பழைய சாமான் இணையவில்லையா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

புது ரவுட்டரைக் கொழுவிய அன்றே வீட்டில் ஏதாவது ஒரு சாமான் முரண்டுபிடிக்கும். பழைய போனுக்கு வைபை தெரியாது, பிரின்ரர் இணையாது, கமரா பாதியில் நின்றுவிடும். உடனே ரவுட்டரைப் பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. வைபை 6 ரவுட்டர் ஒன்று 2009ஆம் ஆண்டு லப்டொப்போடும் ஒத்துப்போகக்கூடியதுதான். அதைத் தடுப்பது பெரும்பாலும் கொம்பனி போட்டு அனுப்பிய நான்கைந்து செற்றிங்குகள்.

பெட்டியில் உள்ள பெயர்களைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. வைபை 4 என்றால் 'என்', 5 என்றால் 'ஏசி', 6 என்றால் 'ஏஎக்ஸ்'. இந்த எண்பெயர்கள் 2018இல்தான் வந்தன. அதற்கு முந்திய பெட்டிகளில் 802.11 என்ற இலக்கத்துக்குப் பின்னால் எழுத்து மட்டும் இருக்கும். அநேக ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். 'ஏசி' 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடும். ஆகவே ஏசி ரவுட்டரின் 2.4 பக்கம் எப்போதும் 'என்'தான்.

## எதையும் தொடுமுன்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் போனில் படமெடுத்து வையுங்கள். உள்ளே போகும் முகவரி (192.168.1.1, 192.168.0.1, 192.168.8.1 போன்ற ஒன்று), பயனர் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கும். பிறகு வயர்லெஸ் பக்கத்தைத் திறந்து இப்போதிருக்கும் செற்றிங்குகளையும் படமெடுங்கள்.

ஃபைபர் இணைப்புக்குக் கொம்பனி தந்த பெட்டியின் பின்னால் ஊசியால் குத்தும் ரீசெற் துளை இருக்கும். அதைக் குத்த வேண்டாம். வைபைப் பெயரோடு இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துவிடலாம். பிறகு கொம்பனிதான் மறுபடி போட்டுத்தர வேண்டும். கடையில் வாங்கிய ரவுட்டரை மட்டும் கடைசி வழியாக ரீசெற் செய்யலாம்.

இனி அடிப்படைச் செற்றிங். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இதோடு போய்விடும்.

2.4 கிகாஹேர்ட்ஸ்: மோட் 'பி/ஜி/என்' கலப்பு (வைபை 6 என்றால் ஏஎக்ஸும் சேர்ந்து இருக்கும்), சனல் (அலைவரிசைக்குள் ஒரு பாதை) அகலம் 20, சனல் 1 அல்லது 6 அல்லது 11, பாதுகாப்பு (வைபையின் பூட்டு முறை) டபிள்யூ.பி.ஏ.2, குறியாக்கம் ஏ.ஈ.எஸ்.

5 கிகாஹேர்ட்ஸ்: மோட் இருப்பதெல்லாம், அகலம் 80, சனல் 36 முதல் 48க்குள் ஒன்று, பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2ம் 3ம் கலந்தது.

இரண்டுக்கும் வேறுவேறு பெயர் வையுங்கள். 'ஸ்மார்ட் கனெக்ட்' அல்லது 'பான்ட் ஸ்ரியரிங்' என்ற பெயரில் இரண்டையும் ஒன்றாக்கும் வசதி இருந்தால் நிற்பாட்டுங்கள். புதுப் போன்கள் மட்டும் உள்ள வீட்டில் அது நல்ல வசதி. கலவையான சாமான் உள்ள வீட்டில் தலையிடி.

## அறிகுறி 1: வைபைப் பெயரே தெரியவில்லை

### ஒரு சாமானுக்கு மட்டும் தெரியவில்லை

2.4 பெயரும் தெரியவில்லையா, 5 மட்டும்தான் தெரியவில்லையா என்று முதலில் பாருங்கள்.

5 மட்டும் தெரியவில்லை. அந்தச் சாமானில் 5 கிகாஹேர்ட்ஸ் இல்லாமல் இருக்கலாம். விலை குறைந்த போன்கள், பழைய லப்டொப்கள், அநேகமாக எல்லா ஸ்மார்ட் பல்பும் இந்த வகை. அது பழுதல்ல, 2.4இல் விட்டுவிடுங்கள். 5 உள்ள சாமான் என்றால் ரவுட்டரின் சனலைப் பாருங்கள். 149க்கு மேற்பட்ட சனல்கள் ஐரோப்பாவுக்கென்று செய்த சில சாமான்களுக்குத் தெரியாது. 52 முதல் 144 வரை ராடாருக்கு வழிவிட வேண்டிய சனல்கள். ரவுட்டர் எழும்பியதும் குறைந்தது 1 நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவற்றில் ஒலிபரப்பும், ராடார் போல எதையாவது கண்டால் இடையிலேயே மாறியும் விடும். மின்சாரம் வந்ததும் 5 மட்டும் தாமதித்து வருகிறது என்றால் காரணம் இதுதான். 36க்கு மாற்றினால் இரண்டும் தீரும்.

2.4உம் தெரியவில்லை. சனல் 12 அல்லது 13இல் நிற்கிறதா பாருங்கள். கனடா, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லப்டொப், ரீவி ஸ்ரிக் போன்ற பல சாமான்கள் 1 முதல் 11 வரைதான் தேடும். சனலை 'ஓட்டோ'வில் விட்டால் ரவுட்டர் ஒருநாள் தானாக 13க்குப் போகும். அன்று மட்டும் அந்த லப்டொப்புக்கு வைபை 'தொலைந்து' போகும். வந்து வந்து போகும் இந்தப் பழுதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 மூன்றில் அயல் வீட்டார் குறைவாகப் பாவிக்கும் ஒன்றைக் கையால் போடுங்கள்.

அப்படியும் தெரியவில்லை, சாமான் பழைய இன்டெல் வைபை உள்ள லப்டொப். ஏஎக்ஸ் இயங்கும் பெயரைச் சில பழைய இன்டெல் டிரைவர்கள் (வைபையை இயக்கும் மென்பொருள்) பட்டியலிலேயே காட்டாது. சோதனை இலகு: ரவுட்டரில் 2.4 பக்கத்து ஏஎக்ஸை மட்டும் நிற்பாட்டுங்கள். உடனே பெயர் வந்தால் குற்றவாளி டிரைவர்தான். போனை யூ.எஸ்.பி. கேபிளால் கொழுவி 'ரெதரிங்' போட்டு இணையம் எடுத்து, இன்டெல் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பியுங்கள். பிறகு ஏஎக்ஸை மீண்டும் போடலாம்.

டிரைவரும் உதவவில்லை என்றால் சின்ன யூ.எஸ்.பி. வைபை அடப்டர் ஒன்று போதும். அதற்காக ரவுட்டரை மாற்ற வேண்டாம்.

### எல்லாச் சாமானுக்கும் தெரியவில்லை

ரவுட்டரின் பக்கவாட்டில் வைபை பொத்தான் இருந்தால் துடைக்கும்போது அழுத்துப்பட்டிருக்கலாம். சில விநாடி பிடித்து விடுங்கள். வைபை லைற் எரியாமலே இருந்தால், கேபிளால் உள்ளே போய் வயர்லெஸ் 'எனேபிள்' ஆகியிருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தும் லைற் இல்லையென்றால் ரேடியோ பழுது. அதைத் திருத்தும் கூலி புது ரவுட்டரின் விலையை நெருங்கும். உத்தரவாதம் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

## அறிகுறி 2: பெயர் தெரிகிறது, பாஸ்வேர்ட் சரி, இணைய மறுக்கிறது

மிகக் கூடுதலாக வருவது இதுதான். கீழுள்ள வரிசையிலேயே பாருங்கள்.

1. சாமானில் அந்த வைபையை 'மற' என்று கொடுத்துப் புதிதாக இணையுங்கள். பழைய ரவுட்டரின் பெயரையே புதியதற்கும் வைத்தவர்களுக்கு இது கட்டாயம்.

2. பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூ.பி.ஏ.2 ஏ.ஈ.எஸ். ஆக்குங்கள். 3 வந்தது 2018இல், 2 வந்தது 2004இல். 2006க்குப் பின் வைபை சான்றிதழ் பெற்ற எந்தச் சாமானிலும் 2 இருக்கும். கலப்பு மோட் எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் பழைய பிரின்ரரும் மலிவு கமராவும் கலப்பிலும் இடறும். அவை இருக்கும் 2.4 பக்கத்தைத் தனி 2இல் விடுவதே நல்லது.

3. அதே பக்கத்தில் பி.எம்.எஃப். (வைபையின் நிர்வாகச் செய்திகளைப் பாதுகாக்கும் வசதி) என்று ஒரு வரி இருக்கலாம். 'கட்டாயம்' என்றிருந்தால் 'இயலுமானால்' என்றோ 'வேண்டாம்' என்றோ மாற்றுங்கள். டபிள்யூ.பி.ஏ.2 போட்டும் இணையாத சாமானுக்கு மறைவான காரணம் இதுவாக இருக்கும்.

4. மாக் வடிகட்டி (ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள மாக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் வசதி) போட்டிருக்கிறீர்களா? அன்ரொயிட் 10, ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைபைக்கும் ஒரு பொய் மாக் முகவரியைக் காட்டும். பட்டியலில் நீங்கள் எழுதியது உண்மை முகவரி. வந்து நிற்பது வேறு முகவரி. ஒன்றில் வடிகட்டியை நிற்பாட்டுங்கள், அல்லது போனில் அந்த வைபைக்கு மட்டும் 'தனிப்பட்ட முகவரி'யை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு இந்த வடிகட்டியால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை.

5. பெயரையும் பாஸ்வேர்டையும் எளிமையாக்குங்கள். ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும். இடைவெளி, மேற்கோள் குறி, இமோஜி வேண்டாம். தமிழில் பெயர் வைக்கலாமா என்றால் புதுப் போன்கள் காட்டும், பழைய பிரின்ரர் கட்டம் கட்டமாகக் காட்டும். இன்னொரு தடையும் உண்டு. வைபைப் பெயருக்கு இடம் 32 பைற். தமிழில் ஒவ்வோர் உருவுக்கும், புள்ளிக்கும் காலுக்கும்கூட, 3 பைற் போகும். 'யாழ்ப்பாணம்' என்று எழுத 11 உருக்கள், 33 பைற்! ஒரு பைற்றால் தவறிவிடும். 'நல்லூர்' 7 உருக்கள், 21 பைற், அது கொள்ளும்.

இவ்வளவும் செய்தும் இணையாத சாமான் ஒன்று இருந்தால், அது டபிள்யூ.பி.ஏ.2 தெரியாத, 2004க்கு முந்திய வகையாக இருக்கலாம். அதற்காக முழு வீட்டையும் டபிள்யூ.ஈ.பி. என்ற மிகப் பழைய பூட்டு முறைக்கு இறக்காதீர்கள். அந்தப் பூட்டு உடைந்தது 2001இலேயே. கேபிளில் போடக்கூடியதென்றால் கேபிள் போடுங்கள், இல்லையேல் அதை ஓய்வுக்கு விடுங்கள்.

## அறிகுறி 3: ஸ்மார்ட் பல்ப், கமரா, பிரின்ரர் அமைக்கும்போது பாதியில் நிற்கிறது

இவை அநேகமாக 2.4 மட்டும். செயலி போனில் ஓடும், போன் 5இல் நிற்கும், பல்ப் 2.4இல் தேடும், ஒன்றையொன்று காணாது.

போனை 2.4 பெயரில் இணையுங்கள். மொபைல் டேற்றாவை நிற்பாட்டுங்கள். அன்ரொயிட் என்றால் 'லொக்கேசன்' போட்டு, செயலிக்கு அனுமதியும் கொடுங்கள். அதில்லாமல் செயலியால் வைபைப் பட்டியலைப் பார்க்க முடியாது. சாமானை ரவுட்டரிலிருந்து 2 அல்லது 3 மீற்றருக்குள் கொண்டுவந்து அமைத்துவிட்டு, பிறகு இடத்தில் பூட்டுங்கள். மதிலுக்கு மேலே ஏணியில் நின்று கமராவை அமைப்பது வேலைக்காகாது.

கொம்பனி தந்த சில பெட்டிகளில் பெயரைப் பிரிக்க விடமாட்டார்கள். அப்போது 5ஐ மட்டும் 10 நிமிடம் நிற்பாட்டி, அமைத்து முடித்து, திரும்பப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் 'கெஸ்ற்' (விருந்தினருக்கான) வைபையை 2.4இல் திறந்து பல்புகளை அதில் விடலாம். பிரின்ரரை மட்டும் கெஸ்ற்றில் விடாதீர்கள். கெஸ்ற்றில் உள்ளவை மற்றச் சாமான்களைக் காணாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். பிரின்ரர் 'இணைந்துள்ளது' என்று காட்டும், லப்டொப் அதைக் காணாது. முதன்மைப் பெயரிலும் இதே கதை நடந்தால் வயர்லெஸ் பக்கத்தில் 'ஐசொலேசன்' என்ற ரிக்கை எடுத்துவிடுங்கள்.

நேற்று அச்சடித்த பிரின்ரர் இன்று 'ஓஃப்லைன்' என்கிறதா? ரவுட்டர் அதற்கு வேறு ஐபி (வீட்டு இணைப்புக்குள் அதன் முகவரி) கொடுத்திருக்கும். டி.எச்.சி.பி. (ஐபி பகிர்ந்து கொடுக்கும் வசதி) பக்கத்தில் பிரின்ரரின் மாக் முகவரிக்கு ஒரு ஐபியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

## அறிகுறி 4: இணைந்திருக்கிறது, இணையம் இல்லை

எல்லாச் சாமானுக்கும்: முதலில் டேற்றா முடிந்துவிட்டதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், மாதக் கடைசியில் பாதிப் பழுதுகள் இதுதான். பிறகு ஃபைபர் பெட்டியின் எல்.ஓ.எஸ். (சிக்னல் இல்லை என்று காட்டும்) லைற். சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் வெளிவயரில் பிரச்சினை. மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயர் கூர்மையாக மடிந்திருக்கிறதா, அலுமாரிக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சை முனையைக் கழற்றி ஊதுவதும் உள்ளே எட்டிப்பார்ப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத லேசர் வரும். இந்த இடத்தில் உங்கள் வேலை முடிந்தது, கொம்பனியைக் கூப்பிடுங்கள். எஸ்.எல்.ரி. (ஸ்ரீலங்கா ரெலிகொம்) இணைப்பென்றால் 1212.

புது ரவுட்டரை கொம்பனிப் பெட்டியோடு கொழுவிய பிறகு: இரண்டுக்கும் ஒரே முகவரி (192.168.1.1) இருந்தால் மோதும். புதியதைத் தனியாக லப்டொப்பில் கொழுவி, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டி.எச்.சி.பி.யை நிற்பாட்டி, கேபிளை அதன் வான் போர்ட்டில் (WAN, வெளி இணையத்துக்கானது) அல்ல, லான் போர்ட்டில் (LAN, வீட்டுச் சாமான்களுக்கானது) கொழுவுங்கள். 'அக்சஸ் பொயின்ற் மோட்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலே இவ்வளவும் தானாக நடக்கும்.

ஒரு சாமானுக்கு மட்டும்: ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை நிற்பாட்டிப் போடுங்கள். ஐபி சரி, சில தளங்கள் மட்டும் 'பாதுகாப்பில்லை' என்றால் திகதியைப் பாருங்கள். பற்றரி செத்த போன் 1970இலோ 2015இலோ நிற்கும். திகதியும் சரியென்றால், அன்ரொயிட் 7.1.1க்கு முந்திய போன்களில் தளங்களை நம்பலாமா என்று பார்க்க உதவும், 2021 செப்டெம்பரோடு காலாவதியான சான்றிதழ் ஒன்று இருக்கிறது. ஃபயர்ஃபொக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருப்பதால், அந்தப் போனில் அது ஏறினால் தளங்கள் திறக்கும். எந்த ரவுட்டர் வாங்கினாலும் இந்தப் பிரச்சினை மாறாது.

## அறிகுறி 5: வேகம் ஓர் எண்ணில் முட்டி நிற்கிறது

போனில் வைபைப் பெயரைத் தொட்டால் 'லிங்க் ஸ்பீட்' (இணைப்பு வேகம், எம்பிபிஎஸ் கணக்கில்) காட்டும். உண்மையான வேகம் அதில் அரைவாசி, கொஞ்சம் மேலே. எண்ணைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

54 என்றால் பாதுகாப்பில் ரி.கே.ஐ.பி. (பழைய குறியாக்க முறை) அல்லது டபிள்யூ.ஈ.பி. போட்டிருக்கிறது. 'என்'னின் வேகங்களை இவற்றோடு பாவிக்க முடியாது, 54க்கு இறங்கிவிடும். ஏ.ஈ.எஸ். மட்டும் ஆக்குங்கள். 'டபிள்யூ.பி.ஏ. / டபிள்யூ.பி.ஏ.2 கலப்பு' என்பதற்குள்ளும் ரி.கே.ஐ.பி. ஒளிந்திருக்கும்.

65 அல்லது 72 என்றால் ஒற்றை அன்ரனா, 2.4, அகலம் 20. அது சாமானின் எல்லை. அகலத்தை 40 ஆக்கினால் எண் கூடும், ஆனால் நெருக்கமான குடிமனையில் அயல் வைபைகளோடு மோதி உண்மை வேகம் குறையும். விட்டுவிடுங்கள்.

433 ஒற்றை அன்ரனா ஏசி, 866 இரட்டை. இரண்டும் நல்லது.

வைபை 866 காட்டியும் வேகச் சோதனை 94ஐத் தாண்டவில்லையா? எங்கோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ். 'ஏசி 1200' என்று பெட்டியில் போட்ட மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் வான் போர்ட்டே 100தான். ரவுட்டர் கிகாபிற் என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். 8 கம்பியில் ஒன்று விட்டாலும் இணைப்பு 100க்கு இறங்கும்.

## அறிகுறி 6: இடைக்கிடை விழுந்து எழும்புகிறது

எல்லா லைற்றும் அணைந்து எரிகிறதா, அல்லது வைபை மட்டும் விழுகிறதா?

எல்லாம் அணைந்து எரிகிறது. கிணற்று மோட்டர் போடும் நேரத்தோடு பொருந்துகிறதா பாருங்கள். மோட்டர் இழுக்கும் அந்தக் கணத்தில் வோல்ற்றேஜ் விழும், கிழடுதட்டிய அடப்டர் தாங்காது. மல்ரிமீற்றரில் சும்மா அளந்தால் 12 வோல்ற் காட்டி ஏமாற்றும்; ரவுட்டரைக் கொழுவிய பிறகுதான் விழும். அதே அளவு வேறு அடப்டர் போட்டுப் பார்ப்பதே சோதனை. வோல்ற் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அம்பியர் ஸ்ரிக்கரில் உள்ளது அல்லது அதற்கு மேல், 1.5 அம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 அம்பியர் அடப்டர் போட்டால் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும்போது விழும். முனையின் நடு நேர் என்ற குறியும் பொருந்த வேண்டும். கனடாவிலிருந்து வந்த அடப்டரில் '100–240' என்றிருந்தால் முனை மாற்றி போதும். '120' மட்டும் என்றிருந்தால் எங்கள் 230இல் கொழுவிய உடன் எரியும்.

அடப்டர் நல்லது, மின்வெட்டும் அடிக்கடி என்றால் ரவுட்டருக்கான சின்ன டி.சி. யூ.பி.எஸ். வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை இடியில் அடப்டரையும் செப்பு ரெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஃபைபர் வயர் மின்னலைக் கொண்டுவராது, அடப்டர் கொண்டுவரும்.

வைபை மட்டும் விழுகிறது. கையை வைத்துப் பாருங்கள். இரும்பு அலுமாரிக்கு மேல், ரீவிக்குப் பின்னால், தகரத்துக்குக் கீழ் என்றால் சூடும் மறைப்பும் சேரும். இடம் மாற்றுங்கள். உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தால் துவாரங்களால் வெளியே வரும்.

## அறிகுறி 7: ஓர் அறைக்கு மட்டும் வரவில்லை

பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளின் தடித்த சுவர் 5ஐ ஒன்றோ இரண்டோ சுவரிலேயே விழுங்கிவிடும், 2.4 கொஞ்சம் மேலே போகும். ரவுட்டரை நடு அறையில், ஆளுயரத்தில் வையுங்கள். போதாவிட்டால் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டரை அறிகுறி 4இல் சொன்னபடி போடுங்கள். ரிப்பீற்றர் மலிவு, ஆனால் பலவீனமான சிக்னலையே வாங்கிப் பாதியாக்கித் தரும். முகட்டுக்கு மேலால் கேபிள் இழுப்பதற்கு மின்வயர் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், கரண்ட் வயரோடு ஒரே குழாயில் போட விடாதீர்கள்.

## வாங்கத்தான் வேண்டும் என்றால்

இரண்டு பான்ட் உள்ள வைபை 6, எல்லாப் போர்ட்டும் கிகாபிற், பெயரைப் பிரிக்கவும் 2.4இல் ஏஎக்ஸைத் தனியே நிற்பாட்டவும் விடுவது. கலவையான சாமான் உள்ள வீட்டுக்கு இன்று இதுதான் பொருத்தம். 6 கிகாஹேர்ட்ஸ் உள்ள வைபை 6ஈ, 7க்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் பழைய சாமான்களுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. 6 கிகாஹேர்ட்ஸில் டபிள்யூ.பி.ஏ.3 கட்டாயம். சிம் போடும் ரவுட்டரை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்குமுன், அது பிடிக்கும் 4ஜி அலைவரிசைகள் இங்கே உங்கள் கொம்பனி பாவிப்பவைதானா என்று கேளுங்கள்.

புதியதைக் கொழுவும்போது 2.4 பக்கத்துக்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும், பெரிய எழுத்து சின்ன எழுத்துக்கூட மாறாமல், டபிள்யூ.பி.ஏ.2 ஏ.ஈ.எஸ்.ஸோடு அப்படியே கொடுங்கள். பல்ப், கமரா, பிரின்ரர் பெரும்பாலும் தாமாகவே வந்து இணையும். ஒன்றிரண்டு வராவிட்டால் அவற்றை மட்டும் அறிகுறி 2இன் முதற்படியிலிருந்து பாருங்கள்.